கருமுட்டை வெளியாகும் நாள்: ஆப், தெர்மாமீட்டர், கிட், வெள்ளைப்படுதல்… எதை நம்புவது?

கல்யாணமான சில மாதங்களிலேயே "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்த நெருக்கடியில் பெரும்பாலான பெண்கள் முதலில் நாடுவது போனில் உள்ள ஆப்பைத்தான். என்னைக் கேட்டால், வரிசையில் கடைசியாக இருக்க வேண்டியது அதுதான்.

வெளியான கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். விந்தணுவோ கர்ப்பப்பை வழியில் 5 நாள் வரைகூடத் தாங்கும். ஆகவே கரு தங்கும் வாய்ப்பு முட்டை வெளியாவதற்கு முந்தைய 5 நாளும் அந்த நாளும்தான். கடைசி இரண்டு மூன்று நாள் ரொம்ப முக்கியம். எந்த அடையாளம் முட்டைக்கு முன்னால் வருகிறது என்பதை வைத்துத்தான் இந்த வழிகளை எடைபோட வேண்டும்.

ஆப் உங்கள் உடலைப் பார்ப்பதில்லை, பழைய தேதிகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. 28 நாள் சுழற்சிக்கு 14ஆம் நாள் பொருந்தலாம். 34 நாளுக்கு ஒருமுறை தூரமாகிறவருக்கு முட்டை 20ஆம் நாள் வாக்கில்தான் வெளியாகும். தேதி குறித்துவைக்க ஆப் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

தெர்மாமீட்டர் வழி வேறு மாதிரி. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே, வெப்பம் பார்த்துக் குறிக்க வேண்டும். முட்டை வெளியான பிறகு ஏறக்குறைய அரை டிகிரி பாரன்ஹீட் கூடி அப்படியே நிற்கும். ஏற்றம் தெரியும்போது அந்த மாத வாய்ப்பு அநேகமாக முடிந்திருக்கும். கடலூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் சிரமம், தூக்கம் மாறினால் கணக்கும் மாறும். ஆனாலும் முட்டை வெளியாகிறதா என்ற சந்தேகம் இருப்பவர்கள் இரண்டு மூன்று மாதம் குறித்து வைத்தால் டாக்டருக்கு உதவும்.

நான் முதலிடம் கொடுப்பது வெள்ளைப்படுதலுக்கு. செலவில்லை, முன்கூட்டியே சொல்கிறது. தூரம் நின்ற பிறகு சில நாள் வறட்சி, அப்புறம் பிசுபிசுப்பு, பிறகு தண்ணீர்போல. கடைசியில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோலத் தெளிவாக, வழுக்கலாக, இரு விரலுக்கிடையில் நூலாக நீளும். அதுதான் நேரம். விந்தணு நீந்த வழிவிடுவதும் அந்தத் திரவமே. மறுபடி கெட்டியானால் அநேகமாக முட்டை வெளியாகிவிட்டது. வெள்ளைப்பட்டாலே உடம்பு உருகுகிறது என்று நம் ஊரில் பயப்படுகிறார்கள். இந்தத் தெளிவான திரவம் நோயே இல்லை. நாற்றம், அரிப்பு, தயிர்போலத் திரிதிரியாக வருவது இருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். சளி மாத்திரை சிலது இந்தத் திரவத்தையும் வற்றவைக்கும் என்பதையும் கவனியுங்கள்.

திரவத்தைப் பார்த்துப் புரியாதவர்களுக்கு மெடிக்கலில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட். முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் சிறுநீரில் ஏறுவதைக் காட்டும். அதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். கர்ப்பப் பரிசோதனை மாதிரி மங்கலான கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது: சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்காவது அழுத்தமாக இருக்க வேண்டும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு இது தப்பாகவும் காட்டலாம். அவர்கள் முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனுக்குப் போவதே நல்லது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அதற்காக மாதத்தில் பல நடை நடப்பது அலைச்சல்தான், எல்லோருக்கும் தேவையும் இல்லை.

அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்ற வலி, மார்பு கனப்பது எல்லாம் சிலருக்குத்தான் வரும். வராவிட்டால் குறை என்று நினைக்க வேண்டாம்.

எல்லாம் சரியாகப் பார்த்தும் ஒரு வருடம் தங்கவில்லையென்றால், 35 வயதைத் தாண்டியவர்கள் 6 மாதத்திலேயே, தூரம் தாறுமாறாக வருகிறவர்கள் உடனே, டாக்டரைப் பாருங்கள். கணவரும் கூட வரட்டும், அவருடைய விந்தணுப் பரிசோதனையும் முதல் நாளிலேயே நடக்கட்டும்.