ஓடும் நிரல் தன் இருப்பிடத்தை யாரிடம் கேட்பது?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காளர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் நிரலுக்குப் பக்கத்திலேயே வரி வீதக் கோப்பு இருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் மலேசியாவில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனதும் கோப்பைத் திருத்தியாயிற்று. கையால் திறந்தால் எல்லாம் சரி. இரவில் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே தொடங்கும் கருவி) ஓட்டினால் மட்டும் கோப்பே இல்லை என்கிறது.

நிரல் நடப்புக் கோப்புறையில், அதாவது தொடங்கும்போது அதற்குக் கொடுக்கப்பட்ட கோப்புறையில், தேடுவதுதான் காரணம். ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' கட்டம் காலியாக இருந்தால் அது விண்டோஸின் சொந்தக் கோப்புறையான சிஸ்டம்32 ஆகிவிடும். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் கிரான் ஓட்டினால் பயனரின் ஹோம் கோப்புறை. நிரல் கிடக்கும் இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வழியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆர்க்வியின், அதாவது நிரலை அழைக்கும்போது அதற்குத் தரப்படும் சொற்களின் பட்டியலின், முதல் உறுப்பு. சி மொழியில் எங்கும் கிடைப்பதால் பலரும் இதை நம்புகிறார்கள். ஆனால் அதில் என்ன இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது நிரலை அழைத்தவர். லினக்ஸ் டெர்மினலில் பெயரை மட்டும் அடித்து, நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளைச் சொல்லும் பாத் மாறி வழியே நிரல் கிடைத்தால், பெயர் மட்டுமே வரும். பிழைச் செய்தியில் அச்சிட இது போதும், கோப்பு தேட உதவாது.

நம்பத் தகுந்த வழி, இயங்குதளத்தையே கேட்பதுதான். லினக்ஸில் ஓடும் நிரலின் கோப்பைச் சுட்டும் /ப்ராக்/செல்ஃப்/எக்ஸி இணைப்பை ரீட்லிங்க் என்ற செயற்கூறு கொண்டு படிக்கலாம். ரீட்லிங்க் சரத்தின் முடிவில் பூஜ்யம் போடாது. அது திருப்பும் நீளத்தைப் பார்த்து நீங்களே போட வேண்டும், மறந்தால் பாதையின் வாலில் குப்பை சேரும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருப்பதுபோல் நிற்காமல் ஓடும் சோதனை நிரல்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடும்போதே பழைய கோப்பை நீக்கிப் புதியதை வைத்தால், பாதையின் இறுதியில் 'டெலீட்டட்' என்ற சொல் ஒட்டிக்கொள்ளும். அதனால் தொடங்கியதுமே ஒருமுறை படித்துச் சேமித்துவிடுங்கள்.

விண்டோஸில் இதற்கான செயற்கூறு கெட்மாட்யூல்ஃபைல்நேம். இதற்கு ஏ, டபிள்யூ என இரு வடிவங்கள், நமக்கு டபிள்யூதான். ஏ வடிவம் பாதையைப் பழைய ஏஎன்எஸ்ஐ குறியேட்டுக்கு மாற்றித் தரும், தமிழுக்கோ அப்படியொரு குறியேடு விண்டோஸில் கிடையாது. 'கணக்கு' என்ற கோப்புறையில் நிரலை வைத்தால் அந்த இடத்தில் கேள்விக்குறிகள்தான் வரும். நிரலோடு இணைக்கும் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில் யுடிஎஃப்-8 என்று அறிவித்தால் தப்பலாம், அதுவும் புதிய விண்டோஸில் மட்டும். பாதையை வாங்கிக்கொள்ள நீங்கள் ஒதுக்கும் இடையகத்தின் அளவையும் கவனியுங்கள். வழக்கமான 260 எழுத்து போதாவிட்டால் பாதையை வெட்டிவிட்டு, நீங்கள் கொடுத்த அளவையே திருப்பும். அந்த எண் வந்தால் இடத்தை இரட்டிப்பாக்கி மறுபடி அழையுங்கள்.

உயர்நிலை மொழிகளில் வேலை குறைவு. கோ 1.8 முதல் ஓஎஸ்.எக்ஸிக்யூட்டபிள், டாட்நெட் 6 முதல் என்விரான்மென்ட்.ப்ராசஸ்பாத். டாட்நெட்டின் அசெம்பிளி.லொக்கேஷன், ஒற்றைக் கோப்பாகக் கட்டிய நிரலில் வெற்றுச் சரத்தையே தரும். பைத்தானில் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்பது உங்கள் நிரலின் பாதை அல்ல, அதை ஓட்டும் பைத்தானின் பாதை. பைத்தான் நிரலைத் தனியே ஓடும் நிரலாக்கும் பைஇன்ஸ்டாலரில் கட்டினால் அது உங்கள் நிரலைக் காட்டும்.

கிடைத்த பாதையைப் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸில் சாதாரணப் பயனருக்கு எழுத அனுமதி இல்லை. பதிவுக் கோப்புகளை (லாக்) பயனரின் லோக்கல் ஆப்டேட்டா கோப்புறையில் எழுதுங்கள்.