ராப்7 ஆன்டிபாடி: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

கோவையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டுறவர். "அப்படி என்னதான் கண்ணு பண்றே?"ன்னு ஒருநாள் கேட்டார். "செல்லுக்குள்ளயும் லோடு ஏத்திட்டுப் போற வண்டிங்க இருக்குதுங்கப்பா. எது எங்க போவோணும்னு சொல்ற போர்டுதான் ராப் புரதம். ராப்7 போர்டு மாட்டின பை, கழிவை உடைக்கிற லைசோசோமுக்குப் போய்ச் சேரும்"னு சொன்னேன். அந்த போர்டைப் பார்க்கத்தான் இந்த ஆன்டிபாடி, அதாவது ராப்7-ஐத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம். முயல் மோனோகுளோனல் (முயலுடையது, எல்லாம் ஒரே வகை), 100 மைக்ரோலிட்டர், ஏறக்குறைய 45 ஆயிரம் ரூபாய்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் வாங்கியது பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடி கலந்தது). புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில், ராப்7 இருக்கவேண்டிய 23 கிலோடால்டன் எடையில் ஒரு பேண்டு (கோடு), 50-க்குப் பக்கத்தில் அதைவிடத் தடியாக இன்னொன்று. நாலு மாதம் போராடினேன். எஸ்ஐஆர்என்ஏ (ஒரு குறிப்பிட்ட புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏ) கொடுத்து ராப்7-ஐக் குறைத்த செல்லிலும் இரண்டு பேண்டும் அசையாமல் நின்றன. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

அதே லைசேட் (செல்லை உடைத்து எடுத்த கரைசல்) மைனஸ் 80 டிகிரியில் மிச்சம் இருந்தது. புதுக் குப்பி வந்ததும் அதைத்தான் முதலில் ஓட்டினேன். 12 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் துளை மெம்பரேன், ஆன்டிபாடி 1:1000 என்று கரைத்து, ராத்திரி முழுக்க 4 டிகிரியில். மறுநாள் 25 கிலோடால்டன் எடையைக் காட்டும் மார்க்கருக்குச் சற்றே கீழே ஒரே கோடு, அரிசி நீளத்துக்கு, ஓரம் சுத்தமாக. ராப்7-ஐக் குறைத்த செல்லை ஏற்றிய லேனில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறுமை. மேலே ஆக்டின் (ஏற்றிய அளவு சமமா என்று பார்க்க வைத்துக்கொள்ளும் புரதம்) எல்லா லேனிலும் ஒரே அளவு. எஸ்ஐஆர்என்ஏ வேலை செய்துதான் இருந்தது. பழைய ஆன்டிபாடிதான் வேறெதையோ பிடித்திருக்கிறது. ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மைக்ரோஸ்கோப்புக்கு மட்டும் பொறுமை வேணும்ங்க. ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வில் ஓட்டை போட ட்ரைட்டான் போட்டபோது செல் முழுக்க மங்கலான புகைதான். 0.05 சதவீத சாபோனினுக்கு மாறினேன். கழுவும் பஃபர்வரைக்கும் அதைச் சேர்த்துக்கொண்டே போகணும், எடுத்துவிட்டால் போட்ட ஓட்டை மூடிக்கொள்ளும். அப்புறம்தான் நியூக்ளியஸைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, பெரும்பாலும் லைசோசோமின் அடையாளப் புரதமான லாம்ப்1 இருக்கும் இடத்திலேயே. ஆனாலும் சிக்னல் மெலிவுதான்.

இன்னொரு ராப் புரதமான ராப்5-உம் கிட்டத்தட்ட இதே எடை. உங்களிடம் இருக்கும் ராப்5 ஆன்டிபாடியும் முயலுடையது என்றால் அதே மெம்பரேனை ஸ்ட்ரிப் பண்ணி (ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றி) மறுபடி பார்க்காதீங்க, தனி ஜெல் ஓட்டுங்க. கரைத்த ஆன்டிபாடியை அசைடு (கிருமி வளராமல் தடுக்கும் மருந்து) போட்டு வைத்து மூணு தடவை பயன்படுத்தினேன், பேண்டு குறையவில்லை. எச்ஆர்பி செகண்டரிக்கு (முதல் ஆன்டிபாடியில் ஒட்டும், பேண்டைக் காட்டும் நொதி சேர்த்த இரண்டாவது ஆன்டிபாடி) முன்னால் நன்றாகக் கழுவிவிடணும், அசைடு அதைக் கெடுக்கும்.

ஆர்டர் போடும்போது திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்க. எனக்கு வெள்ளிக்கிழமை அனுப்பி, ஞாயிறு முழுக்கச் சித்திரை வெயிலில் கூரியர் கிடங்கில் கிடந்து, ஐஸ் ஜெல் தண்ணியாகி வந்தது. சொன்னதும் வேறு குப்பி கொடுத்தார்கள்.

பிளாட்டுக்குத் தயங்காமல் வாங்கலாம், நான் இரண்டாவது குப்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். படம் எடுப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் முதலில் சாம்பிள் கேட்டு வாங்கி, உங்கள் செல்லிலேயே ராப்7-ஐக் குறைத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.