ஓரம் வெட்டாத ஐந்து தொகுதிகள்: ஒரு திருவல்லிக்கேணி பைண்டிங் கடை

"இதை யார் படிக்கப் போறாங்க சார்?"

பையிலிருந்து ஐந்து தொகுதிகளையும் எடுத்து மேஜையில் வைத்ததும் பாய் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு முன் வேறு இரண்டு கடைகளில் காட்டியிருந்தேன். ஒன்றில் என்ன கலர் ரெக்சின் என்று கேட்டார்கள். இன்னொன்றில் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஒண்ணு முன்னூறு, நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டது இவர் ஒருவர்தான்.

"எங்கம்மா பாய். எழுபது வயசு ஆகுது. கட்டைவிரல்ல மூட்டு வலி, கனமான புத்தகத்தைப் பிடிச்சு விரிக்க முடியாது" என்றேன். ஐந்தாவது தொகுதியை நடுவில் திறந்து, கையை எடுத்தார். அது பட்டென்று மூடிக்கொண்டது. "அப்ப இது மடியில வச்சா தானா விரிஞ்சு கிடக்கணும்" என்றார். வேலை என்ன என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

கொடுத்தது பாட்டியின் பொன்னியின் செல்வன். கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்த தாள்கள். அப்போது பாட்டி காட்டுமன்னார்கோயிலில் இருந்தாள். தாத்தா பொதுப்பணித் துறையில் லஸ்கர், வீராணம் ஏரியின் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆடிப் பதினெட்டன்று வந்தியத்தேவன் வீராணத்துக் கரைமேல் குதிரையில் வருவதோடு கதை தொடங்குகிறது. தன் புருஷன் தினமும் நடக்கிற கரை கதையில் வந்துவிட்ட பிறகு ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் பத்திரிகையை விடுவாளா? வாராவாரம் தாத்தா வாங்கி வருவார். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் வந்து உட்கார்ந்து கேட்பார்களாம்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆன பிறகு இந்தக் கதையை எத்தனையோ பதிப்பகங்கள் போட்டுவிட்டன. புத்தகக் கண்காட்சிக்குப் போனால் மலிவு விலையில் ஐந்து பாகமும் கிடைக்கும். என்னிடமும் ஒரு செட் இருக்கிறது. ஆனால் பாட்டியின் தாள்களில் ஓவியர் மணியத்தின் படங்கள் அந்தந்த வாரம் வந்த இடத்தில், வந்த அளவில் இருக்கின்றன. பக்கத்தைத் திருப்பினால் பல்பொடி விளம்பரமோ ஒரு துணுக்கோ எட்டிப் பார்க்கும். அப்புறம் ஓரங்களில் பாட்டியின் பென்சில் எழுத்து. பால் கணக்கு. யார் வந்தார்கள், யார் ஊருக்குப் போனார்கள் என்ற குறிப்பு. ஒரு இடத்தில் "மழை. மதகு திறந்தாச்சு. இவர் வரலை" என்று மட்டும் இருக்கிறது.

முதல் நான்கு பாகங்களைத் தாத்தா 1955 வாக்கில் வெளியூரில் ஒரு கடையில் பைண்டு செய்யக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடைக்காரர் மூன்று பக்க ஓரத்தையும் நேர்த்தியாக வெட்டிவிட்டார். வெட்டினதோடு பாட்டியின் குறிப்புகளில் பாதி போய்விட்டது. "ரோஜா வந்தாள்" என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அது சரோஜா. முதல் எழுத்து அந்தக் கடையின் குப்பையில் போயிருக்கும். பாட்டி இதற்காகத் தாத்தாவோடு ஒரு வாரம் பேசவில்லை என்று அம்மா சொல்வாள். அதனால் ஐந்தாம் பாகத்தைத் தாத்தா எந்தக் கடைக்கும் அனுப்பவில்லை. கோணி ஊசியும் சணலும் எடுத்து, மைதா பசை காய்ச்சி, வீட்டிலேயே தைத்தார். ஓரம் பிழைத்தது. ஆனால் தையலைப் பக்கவாட்டில் ஆழமாகப் போட்டுவிட்டதால், முதுகுப் பக்கம் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்து உள்ளே புதைந்துவிட்டது. வலுக்கட்டாயமாக விரித்தால் தாள் ஒடியும். பத்திரிகைத் தாள் அப்படித்தான். மரக்கூழில் செய்தது, வருஷம் ஆக ஆக அதிலிருக்கும் அமிலமே அதைப் பழுப்பாக்கி அப்பளம் மாதிரி ஆக்கிவிடும்.

பாய் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதுமாதிரி பழைய தாள் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்குப் பயன்படும்.

கிழித்த தாள்கள் எல்லாம் ஒற்றைத் தாள்கள். ஒற்றைத் தாளை அடுக்கிப் பக்கவாட்டில் தைப்பதுதான் சுலபம். பெரும்பாலான கடைகளில் அதைத்தான் செய்வார்கள், புத்தகம் விரியாததற்கும் அதுதான் காரணம். பாய் பழைய தையலை ஒவ்வொரு முடிச்சாக அறுத்து எடுத்தார். துரு ஏறிய கம்பிப் பின்களை நீக்கினார். பிறகு இரண்டிரண்டு ஒற்றைத் தாள்களை நடுவில் மெல்லிய டிஷ்யூ காகிதப் பட்டை ஒட்டி ஒரே இரட்டைத் தாளாக்கினார். அப்படி நான்கு இரட்டைத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்தால் பதினாறு பக்கம், ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தையும் அதன் மடிப்பிலேயே, மெழுகு தடவிய நூலால் தைத்துக் கோத்தார். ஒரு தொகுதிக்கு நூற்றைம்பது தாளுக்கு மேல் வரும். ஐந்து தொகுதிக்கும் இதைக் கையால் செய்தார். நான் இரண்டாவது முறை போயிருந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்து டிஷ்யூ பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு தாள் முடிந்திருந்தது. ஃபேன் போடவில்லை, தாள் பறந்துவிடுமாம்.

பசையும் அங்கேயே காய்ச்சுகிறார். மைதாவில் மயில்துத்தம் சேர்க்கிறார், பூச்சி வராமல் இருக்க. இராமபாணப் பூச்சிக்கு மைதா என்றால் விருந்து. எங்கள் வீட்டு அலமாரியில் பாட்டி காலத்திலிருந்து வசம்பு போடுகிற வழக்கம் உண்டு என்றேன். "அதை நிறுத்தாதீங்க" என்றார்.

ஓரம் பற்றி நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் கேட்டார். "பென்சில்ல எழுதியிருக்கு சார். வெட்டவா, விடவா? விட்டா அழகா இருக்காது, தாள் ஏறி இறங்கித் தெரியும்." விடுங்கள் என்றேன். ஐந்தாம் தொகுதியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன். வெளி ஓரத்தில், விளிம்பிலிருந்து அரை விரல் தூரத்தில், பாட்டி எழுதியிருப்பது: "மாசி, புதன், ராத்திரி 2 மணி. பெண்." அது அம்மா பிறந்த நேரம். அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் 1953 ஜூன் 1 என்று இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி. உண்மையான கிழமையும் நேரமும் இந்த ஒரு தாளில்தான் இருக்கின்றன. பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். அப்புறம் அந்தத் தாளுக்கு மட்டும் ஓரத்தில் பின்பக்கமாக ஒரு பட்டை ஒட்டித் தருகிறேன், விளிம்பு உடையாது என்றார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

இப்போது குறைகள். மூன்று வாரம் என்று சொன்ன வேலைக்கு ஏழு வாரம் ஆனது. போன் செய்தால் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து நான்கு முறை போனேன். கடை மாடியில் இருக்கிறது. படிக்கட்டு குறுகல், கைப்பிடி கிடையாது. அம்மாவை அழைத்துப் போக ஆசைப்பட்டேன், அந்தப் படியைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். ரசீது கேட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார். அட்டைக்குக் கரும்பச்சைக் காலிகோ கேட்டிருந்தேன், இரண்டு தொகுதி கொஞ்சம் வெளிறின பச்சையில் வந்தது. துணி வேறு கட்டிலிருந்து எடுத்திருக்கிறார். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். முதுகில் போட்ட தங்க எழுத்தும் அவ்வளவு சரியில்லை. ஒரு மாதத்தில் ஐந்தாம் தொகுதியின் எண் மங்கத் தொடங்கிவிட்டது. எழுத்து அச்சிடுவதை வெளியில் கொடுத்து வாங்குகிறாராம்.

தொகுதிக்கு 900 ரூபாய், மொத்தம் 4,500. சாதாரணப் பக்கவாட்டுத் தையல் என்றால் 350தான். முதலில் எனக்கும் அதிகமாகத் தெரிந்தது. அந்த டிஷ்யூ வேலையைப் பார்த்த பிறகு, இந்தக் காசில் இவருக்கு ஒரு நாளைக்கு என்ன தேறும் என்றுதான் கணக்குப் போட்டேன். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தேறாது. கல்லூரி பிராஜெக்ட் ரிப்போர்ட்டும் வக்கீல் ஆபீஸ் கட்டுகளும் வருவதால்தான் கடை ஓடுகிறது என்றார்.

தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கொடுத்துவிடு, பத்திரமாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல யோசனைதான். கோட்டையூரில் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் அங்கே எப்படிக் காக்கப்படுகின்றன என்று நேரில் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கொடுக்கலாம். ஆனால் இப்போது இதை அம்மா படித்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் நாலரை மணிக்குக் காபி குடித்துவிட்டு, பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் தொகுதியைத் திறக்கிறாள். புத்தகம் விரிந்தபடி கிடக்கிறது. இரண்டு கையும் சும்மா இருக்கிறது. ஒரு விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு படிக்கிறாள். உள்ளே புதைந்திருந்த எழுத்தெல்லாம் இப்போது வெளியே தெரிகிறது. ஐந்தாம் பாகத்தை இத்தனை வருஷமாக ஊகித்துத்தான் படித்திருக்கிறாள். "இது 'வராதே'ன்னு நினைச்சிருந்தேன்டா, 'வாராதே'ன்னு போட்டிருக்கு" என்று உள்ளே இருந்த என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஒன்பதாவது படிக்கும் என் மகள் தமிழில் கதை படிக்க அவ்வளவாக உட்கார மாட்டாள். இப்போது ஆச்சி படிக்கும்போது பக்கத்தில் வந்து தரையில் உட்காருகிறாள். அவளுக்குக் கதையைவிட ஓரத்துக் குறிப்புகள்தான் பிடித்திருக்கின்றன. "இவர் வரலை"ன்னா அப்புறம் எப்ப வந்தார் ஆச்சி என்று கேட்டாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரத்துத் தாளில் "வந்தாச்சு" என்று ஏதாவது இருக்குமா என்று இருவரும் தேடினார்கள். அந்த ஓரம் வெட்டுப்பட்ட தொகுதியில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பைகிராஃப்ட்ஸ் ரோடு, இப்போது பாரதி சாலை, பழைய புத்தக நடைபாதைக் கடைகளைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது. 'புக் பைண்டிங்' என்று மட்டும் பலகை தொங்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல் போனால் தொழுகை முடிந்து அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், நான் அந்த நேரத்தில் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். கொடுப்பதற்கு முன் தாள்களுக்கு நீங்களே பென்சிலால் வரிசை எண் போட்டுவிடுங்கள், பழைய எண்ணை நம்ப வேண்டாம். நிறம் மாறாமல் இருக்க, துணியில் ஒரு துண்டைக் கையோடு வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தங்க எழுத்து வேண்டாம், துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், அதை நன்றாகச் செய்கிறார். அவசரம் என்றால் போகாதீர்கள்.

அடுத்து தாத்தாவின் தீபாவளி மலர்கள் பதினொன்று இருக்கின்றன. ஜூன், ஜூலையில் பள்ளிக்கூட வேலை நெருக்கும், ஆவணிக்கு மேல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.