தர்மபுரி பக்கம் ஸ்பீக்கர் பாக்ஸ் அடிக்கக் கொடுப்பவர்களுக்கு: மீதிப் பணம் தருவதற்கு முன் பைப்பை அளந்து பாருங்கள்

வீட்டில் பாட்டுக் கேட்க சொந்தமாக ஸ்பீக்கர் செய்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வூஃபரை (பேஸ், அதாவது கனத்த சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கரை) பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்குவோம், பாக்ஸை தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அடிக்கக் கொடுப்போம். நானும் அப்படித்தான் 12 இன்ச் வூஃபர் ஒரு ஜோடி வாங்கி வந்து, தர்மபுரி டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன், இதே வேலை வேறு கடையிலும் நடக்கலாம்.

வூஃபரோடு வந்த அளவுத் தாளையும், கையால் வரைந்த படத்தையும் கொடுத்தேன். உள்ளளவு 70 லிட்டர், 18 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை), போர்ட்டுக்கு, அதாவது காற்று போய் வரும் ஓட்டைக்கு, 10 செ.மீ. உள்விட்டம் உள்ள பி.வி.சி. பைப் 20 செ.மீ. நீளத்துக்கு, டியூனிங் (பைப்பில் காற்று அதிர வேண்டிய சுருதி) 35 ஹெர்ட்ஸ். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். ஜோடி 14,000 ரூபாய், அது போக 'பேஸ் டியூனிங்' 2,500 ரூபாய் என்றார் கடைக்காரர். டியூனிங்குக்குத் தனியாகப் பணம் கேட்கிறாரே, அளந்து பார்த்துச் செய்வார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பாக்ஸ் வந்தது. எந்தப் பாட்டைப் போட்டாலும் பேஸ் ஒரே சுருதியில் 'பூம் பூம்' என்றது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தம் வரவே இல்லை, வூஃபரின் கோன் (முன்னால் அசையும் கூம்பு) மட்டும் வெளியே தள்ளித் தள்ளி ஆடியது. திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். பாலக்கோடு பஸ்ஸில் அந்த எடையை ஏற்றி இறக்குவது எவ்வளவு பாடு என்று தூக்கியவர்களுக்குத் தெரியும்.

"அண்ணா, 35-க்கு டியூன் பண்ணச் சொன்னேனே, அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"தம்பி, பேப்பர்ல இருக்கற நம்பர் பாட்டு பாடாது. இருபது வருஷமா என் காதுதான் மீட்டர்" என்றார். உள்ளே பஞ்சு அடைத்தார், அதற்கு ஒரு பணம். அதுவும் சரிவரவில்லை என்றதும் ஆம்ப்ளிஃபையரில் பேஸ் பூஸ்ட் போர்டு ஒன்று மாட்டினார், அதற்கும் பணம்.

வீட்டுக்கு வந்து போர்ட்டுக்குள் கையை விட்டேன். விரலை மடக்கினால் பைப்பின் உள்விளிம்பு அங்கேயே தட்டுப்பட்டது. வெளியிலிருந்து பார்க்க வழவழவென்று அழகான வாய், உள்ளே பைப் வெறும் 5 செ.மீ. வூஃபரைக் கழற்றினால் ஸ்க்ரூவோடு மரத்தூள் உதிர்ந்தது. வெட்டிய ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தேன். லேமினேட்டுக்கு அடியில் சிராய் சிராயாகப் பார்ட்டிகிள் போர்டு. எம்.டி.எஃப். என்றால் வெட்டின இடம் மாவு போல ஒரே சீராக இருக்கும்.

5 செ.மீ. பைப் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏமாற்று எங்கே என்று அப்போதுதான் புரியும். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுருதி கேட்கும் அல்லவா, போர்ட் வைத்த பாக்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. பைப்பில் இருக்கும் காற்று எடை, பாக்ஸுக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங். பைப் நீளமானால் சுருதி இறங்கும், குட்டையானால் ஏறும். கணக்கு இதுதான்: பைப் உள்விட்டத்தை செ.மீ.யில் எடுத்து வர்க்கப்படுத்தி 23,562-ஆல் பெருக்குங்கள். வேண்டிய ஹெர்ட்ஸின் வர்க்கத்தை லிட்டரால் பெருக்கி, அதால் வகுங்கள். வந்ததில் விட்டத்தின் 0.732 பங்கைக் கழித்தால் பைப் நீளம். 70 லிட்டருக்கும் 35 ஹெர்ட்ஸுக்கும் 20 செ.மீ. வருகிறது. அதே பாக்ஸில் 5 செ.மீ. வைத்தால் டியூனிங் 52 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும்.

டியூனிங்குக்குக் கீழே வரும் சத்தத்துக்கு பாக்ஸ் கோனைத் தாங்கிப் பிடிக்காது. காற்று போர்ட் வழியாகச் சும்மா போய் வரும், கோன் கட்டில்லாமல் ஆடும். அந்த நிலையில் பேஸ் பூஸ்ட் போட்டால், கோனோடு ஒட்டிய கம்பிச் சுருளான 'காயில்', பின்னால் இருக்கும் தகட்டில் போய் இடிக்கும். என் வலது வூஃபர் 'டக் டக்' என்று இடித்து, கடைசியில் கரகரவென்று உரச ஆரம்பித்தது அதனால்தான். அவர் செய்த ஒவ்வொரு 'சரி செய்தலும்' அதைக் கெடுத்தது.

அந்த வூஃபரை "காயில் மட்டும் மாத்தித் தர்றேன்" என்று வாங்கிக் கோனையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அளவுத் தாளில் சுதந்திர அதிர்வு (எஃப்.எஸ்., பாக்ஸில் மாட்டாத வூஃபர் தானாக அதிரும் சுருதி) 32 ஹெர்ட்ஸ். திரும்பி வந்த வூஃபரை வெறுமனே பிடித்து, 1,000 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் வைத்து ஓட்டினேன். வூஃபர் முனைகளில் மல்டிமீட்டர் வோல்டேஜ் எங்கே உச்சம் போகிறதோ அதுதான் அதன் அதிர்வு. 46 ஹெர்ட்ஸில் போனது. விரைப்பான துணி ஓரம் வைத்த ஏதோ ஒரு கோன். காயிலின் மின்தடை இடது வூஃபரில் 5.6 ஓம், இதில் 7.1 ஓம். இனி இரண்டும் ஜோடியே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரேடியோ செட்டுக்காரர்களுக்கு அடிக்கும் பாக்ஸ் 50 ஹெர்ட்ஸ் பக்கம் டியூன் ஆவதில் தப்பே இல்லை. திருவிழாவில், தெருக்கூத்து நடக்கும் திறந்த வெளியில், சத்தம் தூரம் போக வேண்டும், வூஃபரும் தாங்க வேண்டும். அந்த பாக்ஸ் வேண்டுமென்றால் அதைச் சொல்லி விற்கட்டும். 35 என்று ஒத்துக்கொண்டு, அதற்குத் தனிப் பணமும் வாங்கி, கையில் கிடைத்த பைப் துண்டைச் செருகிவிடுவது திருட்டு. 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் எழுதி, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்த, வூஃபருக்கேற்ற பாக்ஸைத் தீர்மானிக்கும் கணக்குதான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. வூஃபரின் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ். (கோன் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற அளவு), வி.ஏ.எஸ். (கோனின் விறைப்புக்கு ஈடான காற்றின் அளவு) மூன்றையும் கேட்காமல் ஒருவர் "டியூன் பண்ணித் தர்றேன்" என்றால் அவரிடம் கொடுக்காதீர்கள். க்யூ.டி.எஸ். 0.5-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் போர்ட்டே வேண்டாம், மூடின பாக்ஸ்தான் நல்லது என்று சொல்கிறவரே தொழில் தெரிந்தவர்.

லிட்டர் என்றால் உள்ளளவா வெளியளவா என்று எழுதி வாங்குங்கள். வெளியே 41.6 × 39.6 × 54.6 செ.மீ. என்றால் 90 லிட்டர். 18 மி.மீ. பலகை போக உள்ளே 70-தான் மிஞ்சும். கடையிலேயே ஸ்கேலைப் போர்ட்டுக்குள் விட்டு நீளம் பாருங்கள். கோன் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, ஃபோனிலிருந்து டோன் கொடுத்து, சத்தத்தைக் குறைவாக வைத்து 80 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்குங்கள். சாய்வாகப் பார்த்தால் பொட்டு கோடாக இழுபடுவது தெரியும். ஓர் இடத்தில் அது திரும்பப் பொட்டாகவே நிற்கும், போர்ட் வாயில் கை வைத்தால் காற்று பலமாக அடிக்கும். அந்த ஹெர்ட்ஸ்தான் டியூனிங். என்னுடையதில் 52-ல் நின்றது, கணக்கும் அதையேதான் சொன்னது. அப்புறம் 40 ஹெர்ட்ஸை ஓடவிட்டு ஊதுபத்தியை மூட்டு மூட்டாகக் காட்டுங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே ஒழுக்கு. வூஃபரைச் சர்வீஸுக்குக் கொடுத்தால் கோனின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, ஓமையும் குறித்துக்கொண்டு கொடுங்கள்.

பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டுதான் கிடைத்தது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் படம் இருக்கிறது, ஜிபே கணக்கு இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகு கடைக்காரரே கூப்பிட்டு டியூனிங் பணம் 2,500-ஐ அனுப்பினார். பைப்பை நானே 20 செ.மீ.க்கு வெட்டி மாற்றிவிட்டேன், இடது பாக்ஸ் இப்போது 35 பக்கம் வந்துவிட்டது. பலகைக்கும் வலது வூஃபருக்கும் அவர் பதில் சொல்லவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், இரண்டு வூஃபரின் அளவையும் அதில் இணைக்கிறேன்.