காய்ந்த அறையை சர்வேயர் ஏன் அளந்தார்? வீடு, கார் இன்ஷூரன்ஸோடு என் ஒன்பது வருடம்

ரினிவல் கடிதம் வந்ததும் நான் எடுப்பது ஒரு நீல அட்டை நோட்டு. ஒன்பது வருடமாக வீட்டுக்கும் காருக்கும் விசாரித்த விலை எல்லாம் அதில்தான் இருக்கிறது. வேலை கெட்டவன் என்று வீட்டில் பெயர், அது இருக்கட்டும். முதல் மூன்று வருடப் பக்கங்களைப் புரட்டினால் எனக்கே சிரிப்பு வருகிறது. கம்பெனி ஒரு கட்டம், பிரீமியம் ஒரு கட்டம், குறைந்த எண்ணைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். அன்றைக்கு என் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

இப்போது அதே நோட்டில் ஒரு கம்பெனிக்கு ஒன்பது கட்டம் போடுகிறேன். பிரீமியம் கடைசிக் கட்டம். நடுவில் என்ன நடந்தது என்பதை எழுதினால் யாருக்காவது உதவும்.

நான்காவது வருடம். மாடிக் குளியலறைச் சுவருக்குள் இருந்த பைப் ராத்திரியோடு ராத்திரியாக வெடித்துவிட்டது. விடிந்து பார்த்தால் கீழே ஹாலின் ஃபால்ஸ் சீலிங் வயிறு உப்பித் தொங்குகிறது, பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை பிஸ்கட் மாதிரி ஊறிப் போயிருக்கிறது. சரி, இதற்குத்தானே வருஷா வருஷம் கட்டினோம் என்று கிளெய்ம் போட்டேன். மூன்றாம் நாள், சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். அமைதியான மனிதர். ஈரச் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் லேசர் டேப்பை எடுத்து ஒவ்வொரு அறையாக அளக்க ஆரம்பித்தார். தண்ணீரே படாத அறை உட்பட.

"சார், நனைஞ்சது ஹால்தான். இது காஞ்ச ரூம்."

"தெரியுது சார். மொத்த வீட்டையும் இன்னிக்குத் திரும்பக் கட்டினா எவ்வளவு ஆகும்னு பாக்கணும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அது என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. நான் காப்பீட்டுத் தொகையாக எழுதிக் கொடுத்திருந்தது, வீடு கட்டிய காலத்தில் ஆன செலவு. பிரீமியம் குறைகிறதே என்று நானே ஆன்லைன் படிவத்தில் அதை இன்னும் கொஞ்சம் இறக்கியும் வைத்திருந்தேன். அவர் கணக்குப்படி இன்றைய கட்டுமானச் செலவு 100 என்றால் என் காப்பீடு 65. அதனால் நஷ்டம் 100 என்று மதிப்பிட்டால் கம்பெனி தருவது 65. அதிலும் நாம் முதலில் ஏற்க வேண்டிய டிடக்டிபிள் போக, மீதி.

'வீடே இடிந்தால்தானே முழுத் தொகை தேவை, சின்னச் சின்ன சேதத்துக்கு இது தாராளமாகப் போதும்' என்றுதான் நான் நினைத்திருந்தேன். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பல பாலிசிகளில் 'ஆவரேஜ்' என்று ஒரு விதி இருக்கிறது. குறைத்துக் காப்பீடு செய்தால், மீதி விகிதத்துக்கு நீங்களே இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று அர்த்தம். சின்ன சேதத்திலும் அந்தப் பங்கை நீங்கள் போட வேண்டும். இந்த விதி இல்லாத பாலிசிகளும் உண்டு, கொஞ்சம் குறைவு இருந்தால் கண்டுகொள்ளாத பாலிசிகளும் உண்டு. வாங்கும்போது கேட்டால் சொல்வார்கள். நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் அன்று கற்றுக்கொண்டேன். சுவரின் ஒரு மூலையில் இருந்த பழுப்புக் கறையை சர்வேயர் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு வளையம். ஒரே நாளில் நனைந்த சுவரில் வளையம் விழாது, பலமுறை நனைந்து காய்ந்தால்தான் விழும் என்றார். அந்த மூலை மட்டும் கணக்கிலிருந்து போய்விட்டது. திடீரென்று வெடித்தால் விபத்து, மெல்லக் கசிந்தால் பராமரிப்புக் குறைவு. இரண்டும் தண்ணீர்தான், ஆனால் பாலிசிக்கு வேறு வேறு. வெடித்த பைப்பை மாற்றும் செலவும் எனக்கு வரவில்லை. தண்ணீர் கெடுத்ததற்குத்தான் பணம், பைப்புக்கு இல்லை. அந்தக் கோபத்தில் நான்கு வருடத்தில் பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். வெட்டுப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு கூட வரவில்லை.

அதன் பிறகு நோட்டில் கட்டங்கள் கூடின. வீட்டுக்கு முதல் கட்டம்: திரும்பக் கட்டும் செலவு. விற்பனை விலையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விற்பனை விலையில் மண்ணின் விலையும் சேர்ந்திருக்கும், மண் எரியாது. நல்ல இடத்தில் இருக்கும் சின்ன வீட்டுக்கு விற்பனை விலையைப் போட்டால் தேவையில்லாத பிரீமியம் கட்டுவோம். அதே சமயம் இடிபாட்டை அள்ளும் செலவு, இன்ஜினியருக்கான கட்டணம் இதெல்லாம் அந்தத் தொகைக்குள் வருகிறதா, தனியா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது கட்டம்: பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலையா, தேய்மானம் கழித்த விலையா? எட்டு வருட ஃபிரிட்ஜுக்குத் தேய்மானம் கழித்தால் கையில் வருவதில் அதன் கதவு வாங்கலாம். மூன்றாவது: வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கலாம்? இது எனக்கு மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கக் கிளம்பியபோதுதான் கண்ணில் பட்டது. தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆள் இல்லாமல் இருந்தால் திருட்டு, தண்ணீர் சேதம் போன்றவை நின்றுவிடும் என்று பல பாலிசிகள் சொல்கின்றன. முன்கூட்டியே தெரிவித்தால் சில கம்பெனிகள் ஒத்துக்கொள்கின்றன. நான் தெரிவித்தேன், மெயின் வால்வை மூடச் சொன்னார்கள், மூடினேன். நான்காவது: வெள்ளம். வெளியிலிருந்து ஏறி வரும் தண்ணீரை எல்லோரும் சேர்த்துவிடுவதில்லை. அமெரிக்காவில் சாதாரண வீட்டு பாலிசி வெள்ளத்தைச் சேர்க்காது. 1968-ல் அரசு தனியாகத் திட்டமே கொண்டுவந்தது. அதிலும் வாங்கி 30 நாள் கழித்துத்தான் பொதுவாகக் காப்பு தொடங்கும். மழைச் செய்தி பார்த்துவிட்டு ஓடினால் ஆகாது.

காருக்கு வருகிறேன். இங்கே என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி, ஏனென்றால் இதில் நான் கிளெய்ம் போடாமல் லாபம் பார்த்தவன்.

கேட்டில் உரசி இடது பக்கக் கதவு நீளமாகக் கீறிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் காரைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி: "கேஷா சார், இன்ஷூரன்ஸா?" இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். எனக்கு இரண்டு விலை வந்தது, இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது.

வீட்டுக்கு வந்து நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, கணக்குப் போட்டேன். இந்தியாவில் இருக்கும் படிக்கட்டை எடுத்துக்கொள்வோம்: கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருடம் 50. நம் காரின் சேதத்துக்கான பகுதியில் மட்டும் இந்தத் தள்ளுபடி, அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பகுதியில் இல்லை. நம் காரின் சேதப் பகுதிக்கு முழு பிரீமியம் 100 என்று வையுங்கள். உச்சிப்படியில் இருப்பவர் 50 கட்டுகிறார். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 100, அதற்கடுத்து 80, 75, 65, 55, அப்புறம்தான் மறுபடி 50. ஒவ்வொரு வருடமும் கூடுதலாகக் கட்டுவது 50, 30, 25, 15, 5. மொத்தம் 125. அதாவது இப்போது கட்டும் தொகையைப் போல இரண்டரை மடங்கு. இதோடு டிடக்டிபிளைக் கூட்டுங்கள். ரிப்பேர் அதற்குக் கீழே இருந்தால் கைக்காசு போட்டுச் செய்துகொள்வது மேல். என் கீறல் பாதிகூட வரவில்லை. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற நாடுகளில் படிகளின் எண்ணிக்கை மாறும், கணக்குப் போடும் விதம் இதேதான். அடுத்தவர் வண்டிக்கோ உடம்புக்கோ அடிபட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் போடாமல் உடனே கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகு விலை தேடுவதும் மாறியது. சின்னக் கிளெய்மே போடப் போவதில்லை என்றால் டிடக்டிபிளை நானாகவே ஏற்றிக்கொண்டு பிரீமியத்தைக் குறைக்கலாம். காருக்கு அப்படித்தான் செய்கிறேன். வீட்டுக்குச் செய்யவில்லை.

ஒப்பீட்டுத் தளங்களைப் பற்றி ஒரு புலம்பல். விவரம் போட்டதும் இருபது விலை வரிசையாக வந்து நிற்கும். மேலே இருப்பது ஏன் மலிவு என்று உள்ளே போய்ப் பார்த்தால், காரின் மதிப்பைத் தானாகவே இறக்கியிருக்கும், இல்லாவிட்டால் டிடக்டிபிளை ஏற்றியிருக்கும். காரின் மதிப்பு என்பது கார் திருடு போனால் உங்கள் கைக்கு வரும் தொகை. அதை இறக்கிவிட்டு மலிவு என்பது, படியைச் சின்னதாக்கிவிட்டு அரிசி விலை குறைந்தது என்பது போல. இப்போது நான் மூன்று எண்ணை முதலில் முடிவு செய்து நோட்டில் எழுதிவிடுகிறேன்: காப்பீட்டுத் தொகை, டிடக்டிபிள், தேவையான ஆட்-ஆன் (கூடுதல் காப்பு). எல்லாத் தளத்திலும் அதே மூன்று. அப்படிச் செய்த முதல் வருடமே முதலில் நின்ற கம்பெனி ஆறாவது இடத்துக்குப் போனது. அப்புறம், முழு விலை காட்டுவதற்கு முன்னால் போன் நம்பர் கேட்கும். எனக்கு அதற்கென்று ஒரு பழைய சிம் இருக்கிறது. ரினிவல் மாதம் மட்டும் உயிரோடு இருக்கும்.

ஒரு கம்பெனியில் நிலைத்து இருந்தால் மரியாதை கிடைக்கும் என்று நம்பியும் ஏமாந்திருக்கிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர்கள் விருந்து ஒரு வருடம். கிளெய்மே போடாமல் இருந்த மூன்றாவது ரினிவலில், அதே காப்புக்குப் புது ஆள் கட்டுவதைவிட நான் அதிகம் கட்டிக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் இது பெரிய விவகாரமாகி, 2022 ஜனவரி 1 முதல் வீடு, மோட்டார் இன்ஷூரன்ஸில் புதியவருக்குக் கொடுக்கும் விலையைவிடப் பழைய வாடிக்கையாளரிடம் ரினிவலில் அதிகம் வாங்கக் கூடாது என்று அங்கே உள்ள நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பு தடையே போட்டது. எல்லா நாட்டிலும் அந்தத் தடை இல்லை. ஆகவே போன் செய்து, "வேறு இடத்தில் இந்த விலை வருகிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பதில் வெட்கம் தேவையில்லை. ஒன்பதில் நான்கு முறை குறைத்தார்கள்.

ஆனால் வருஷா வருஷம் தாவுவதும் எனக்குச் சரிப்படவில்லை. ஆறாவது வருடம் புதுக் கம்பெனியில் கார் பாலிசி எடுத்துவிட்டு, பழையதில் ஆட்டோ ரினிவலை நிறுத்த மறந்துவிட்டேன். ஒரே காருக்கு இரண்டு பாலிசி. இரண்டு இருந்தால் இரட்டிப்பாகக் கிடைக்குமா என்றால் கிடைக்காது, நஷ்டத்துக்கு மேல் ஒரு காசு தர மாட்டார்கள். ரத்துக் கட்டணம் போக மிச்சத்தை வாங்க ஒரு மாதம் போனில் தொங்கினேன். வீட்டையும் காரையும் ஒரே கம்பெனியில் போட்டால் தள்ளுபடி என்றார்கள் என்று ஒருமுறை அதையும் செய்தேன். தள்ளுபடி உண்மைதான். தனித்தனியாக விசாரித்துக் கூட்டிப் பார்த்தால் அதைவிடக் குறைவாக வந்தது, அதுவும் உண்மைதான்.

1666-ல் லண்டன் எரிந்த பிறகு அங்கே தீ இன்ஷூரன்ஸ் தொடங்கியபோது, காப்பீடு செய்த வீட்டின் முகப்பில் கம்பெனியின் உலோகத் தகடு அடித்திருப்பார்கள். வீதியில் போகிறவனுக்கே தெரியும். இப்போது எல்லாம் நாற்பது பக்க பிடிஎஃப்-க்குள் இருக்கிறது. நான் முழுவதும் படிப்பதில்லை, பொய் சொல்ல மாட்டேன். 'விலக்குகள்' என்ற பகுதியையும், என் பெயரும் விவரமும் உள்ள ஷெட்யூலையும் மட்டும் படிக்கிறேன். மகன் லைசென்ஸ் எடுத்ததும் முக்கிய ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயரையே விட்டுவிட்டால் பிரீமியம் குறையும் என்று ஒரு ஏஜென்ட் யோசனை சொன்னார். தினமும் ஓட்டுவது அவன். விபத்து நடந்த அன்று அந்தப் பொய்தான் முதலில் வெளியே வரும், கிளெய்மே போய்விடும். மகன் பெயரையே போட்டேன். ஏறியது, கட்டினேன்.

நோட்டில் கடைசியாகச் சேர்ந்த கட்டம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. பாலிசி எடுப்பதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் கம்பெனியின் கிளெய்ம் நம்பருக்குப் போன் செய்கிறேன். ஆள் எடுக்கிறாரா, எத்தனை நிமிடம் பாட்டு போடுகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறேன். விற்பனை நம்பரில் இரண்டாவது மணிக்கே எடுப்பார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த வருடம் ரினிவலுக்கு நான்கு வாரம் முன்பே உட்கார்ந்துவிட்டேன். கார் பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டேன், விலையில் இரண்டாவது மலிவு. வீட்டுக்குப் பழைய இடமே. சர்வேயரை அனுப்பி வெட்டிய அதே கம்பெனிதான். விலையில் நான்காவது. ஆனால் ஆவரேஜ் விதியைத் தளர்த்தி எழுத்தில் தந்தார்கள், ஞாயிறு ராத்திரி நான்கு நிமிடத்தில் போனை எடுத்தார்கள். காப்பீட்டுத் தொகைக்காக இந்த முறை நானே டேப்பை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். "காஞ்ச ரூமை ஏன் அளக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள்.