பாக்கெட்டில் தினமும் கிடக்க ஒரு கத்தி: டிங்கரை நாலு வருஷம் வைத்திருந்து எழுதுவது

"பாக்கெட் கத்தி ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம்" என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றைத்தான்: போன ஒரு வாரத்தில் எதையெல்லாம் வெட்டினீர்கள், எதையெல்லாம் கழற்றினீர்கள்? யோசித்துச் சொல்லச் சொன்னால் பார்சல் டேப், கேபிள் டை, சட்டையில் நீட்டிக்கொண்டிருந்த நூல், கையால் பிரிக்கவே முடியாத கெட்டி பிளாஸ்டிக் உறை, பொம்மையின் பேட்டரி மூடி, மூக்குக்கண்ணாடியில் தளர்ந்துபோன ஸ்க்ரூ, எப்போதாவது ஓர் ஆப்பிள், பெரும்பாலும் இப்படித்தான் பட்டியல் வரும். அதை முதலில் எழுதிக்கொண்டு அப்புறம் வாங்கப் போகிறவர் ஏமாறுவது குறைவு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினால் பணம் போகும். எனக்குப் போயிருக்கிறது.

நான் முதலில் வாங்கிய மல்ட்டி டூலில் பதினெட்டு கருவிகள் என்று போட்டிருந்தது. யார் செய்தது என்று பெட்டியில் சரியாகப் பெயர்கூட இல்லை. குறடு, ரம்பம், அரம், நாலு ஸ்க்ரூ டிரைவர், எல்லாம் இருந்தன, விலையும் கொஞ்சம்தான். இரண்டாவது மாதம் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது பிளேடு அட்டையின் மடிப்பில் சிக்கிக்கொண்டது. வெளியே இழுக்க லேசாக ஆட்டினேன், அவ்வளவுதான், லாக் விட்டுப் பிளேடு மடங்கி ஆள்காட்டி விரலின் நடுமடிப்பில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ராத்திரி விளக்கடியில் அதைத் திறந்து பார்த்தேன். லைனர் லாக் என்பது பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு. பிளேடு முழுதாகத் திறந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து வந்து பிளேடின் அடிப்பாகத்துக்கு முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். என் கையில் இருந்ததில் அந்தத் தகடு பிளேடின் ஓரத்தை ஒரு மயிரிழை தொட்டுக்கொண்டிருந்தது, கட்டைவிரலால் பிளேடின் முதுகை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் வழுக்கியது. லாக் இருக்கிறது என்று நம்பிக் கையை அலட்சியமாக வைத்ததால்தான் அந்த வெட்டு. லாக்கே இல்லாத கத்தியாக இருந்திருந்தால் விரலை அங்கே வைத்திருக்க மாட்டேன்.

அதற்கப்புறம் வாங்கியதுதான் டிங்கர், விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் லாக் இல்லாத மடக்குக் கத்தி. 91 மில்லிமீட்டர் நீளம், 60 கிராமை ஒட்டிய எடை. இதிலும் 12 வேலைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டில் சாவி வளையமும் ஒன்று, பல்குச்சியும் ஒன்று. நல்ல கம்பெனியே இப்படித்தான் எண்ணுகிறது என்றால் பெயரில்லாத பெட்டியில் போடும் எண்ணுக்கு என்ன மதிப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள். உண்மையில் இதில் விரித்து மூடுகிற துண்டுகள் ஆறு: பெரிய பிளேடு, சின்ன பிளேடு, நுனியில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் உள்ள டின் ஓப்பனர், பட்டை ஸ்க்ரூ டிரைவரோடு சேர்ந்த பாட்டில் ஓப்பனர், முதுகில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு குத்தூசி. நாலு வருஷத்தில் இந்த ஆறில் ஒன்றைக்கூட நான் வீண் என்று நினைத்ததில்லை.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது ஏன் நிலைக்கிறது என்பது புரியும். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் கார்ல் எல்சனர் 1884இல் பட்டறை தொடங்கினார், அதுதான் பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். அதில் இருந்தவை நாலே நாலு: பிளேடு, குத்தூசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூ டிரைவர். சிப்பாய்க்கு டின் உணவைத் திறக்க வேண்டும், துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்காகவே வைத்தவை. 1897இல் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியில் அவர் செய்த வேலை இன்னும் நுட்பமானது. ஒரே ஸ்பிரிங் முன்பக்கத்து பிளேடையும் தாங்கும், முதுகுப்பக்கத்துக் கருவியையும் தாங்கும். கருவி கூடியும் கத்தி தடிக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். என் டிங்கரில் ஆறு துண்டுகளையும் தாங்குபவை இரண்டே ஸ்பிரிங்தான்.

தினசரி உபயோகத்துக்கு வருகிறேன். பெரிய பிளேடு மெல்லியது, முதுகிலேயே இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். தடித்த பிளேடு பார்க்கப் பலமாகத் தெரியும், ஆனால் ஆப்பிளை நறுக்கினால் வெட்டாது, பிளக்கும். அட்டையிலும் அப்படியே, ஆப்பு மாதிரி நடுவில் நின்றுவிடும். மெல்லிய பிளேடு சும்மா வழுக்கிக்கொண்டு போகும். டேப்பின் பிசின் ஒட்டும் வேலைக்கெல்லாம் சின்ன பிளேடு, பழத்துக்குப் பெரியது என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன், இந்த ஒரு பழக்கத்தாலேயே பெரிய பிளேடு எப்போதும் கூராக இருக்கிறது. பாட்டில் ஓப்பனரின் அடியில் ஒரு சின்ன வெட்டுப்பள்ளம் இருக்கும், அது மின்கம்பியின் மேலுறையை உரிக்க. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் முதுகிலிருந்து செங்குத்தாக நிற்பதால் பிடியே ஒரு டி வடிவக் கைப்பிடியாகிவிடுகிறது, நல்ல திருகுபலம் கிடைக்கும், ஆழமான குழிக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்கு மட்டும் நுனி எட்டாது.

இதே எடை, இதே அடுக்கு, முதுகில் ஸ்டாருக்குப் பதில் பாட்டில் கார்க்கைப் பிடுங்கும் கார்க் ஸ்க்ரூ என்றால் அது அதே கம்பெனியின் ஸ்பார்ட்டன். கார்க் ஸ்க்ரூ எனக்கு எதற்கு என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க அதைப்போல் ஒன்று கிடையாது. தவிர, அந்தச் சுருளுக்குள் திருகி வைத்துக்கொள்ளும்படி ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரைத் தனியாக விற்கிறார்கள், மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவுக்கு அது கச்சிதம். ஸ்டார் ஸ்க்ரூவுக்கு டின் ஓப்பனரின் நுனியே பெரும்பாலும் போதும். எனவே கண்ணாடி போடுகிறவர்கள் ஸ்பார்ட்டனைப் பாருங்கள். கத்தரிக்கோல் வேண்டும் என்றால் கிளைம்பர் அல்லது சூப்பர் டிங்கர். ஓர் அடுக்கு தடிமன் கூடும், ஆனால் அந்தக் கத்தரிக்கோல் உண்மையாகவே வெட்டும், நகம் முதல் பேண்டேஜ் வரை. அதன் சின்ன ஸ்பிரிங் போனாலும் மாற்றிக்கொள்ளலாம். இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் கத்தரிக்கோல் உள்ளதைத்தான் எடுப்பேன்.

சரி, குறடு? குறடு வேண்டியவர்களுக்கு இந்தக் கத்தி போதாது, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். டிம் லெதர்மேன் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது கையில் கத்தி இருந்தும், கார் ரிப்பேருக்கும் ஒழுகும் குழாய்க்கும் குறடு இல்லாமல் திண்டாடினார். அந்தத் திண்டாட்டம்தான் 1983இல் அவருடைய முதல் கருவியாக விற்பனைக்கு வந்தது. மல்ட்டி டூல் என்பது குறட்டுக்குள் கத்தியை வைத்தது, கத்திக்குள் குறட்டை வைத்தது இல்லை. நட்டு பிடிக்கிற, கம்பி முறுக்குகிற, சைக்கிளோ பைக்கோ வழியில் பார்க்க வேண்டியிருக்கிற ஆள் என்றால் லெதர்மேன் நல்ல பொருள்தான். அதில் வேவ் பிளஸ் என்ற மாடலில் குறட்டை விரிக்காமலே வெளியிலிருந்து ஒரு கையால் பிளேடைத் திறக்கலாம், திறந்ததும் லாக் ஆகும், கம்பி வெட்டும் பற்கள் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், 25 வருட உத்தரவாதம் வேறு. நண்பர் ஒருவருடையதை இரண்டு வாரம் வாங்கி வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எடை 241 கிராம். பேன்ட் பாக்கெட்டில் அது ஒரு ஃபோனைவிடக் கனம். இடுப்பில் உறை மாட்டிக்கொள்ளத் தயங்காதவருக்குச் சரி. எனக்கு மூன்றாம் நாளே மேஜை டிராயருக்குப் போய்விட்டது, தேவைப்பட்ட நேரத்தில் டிராயர் வீட்டில், நான் வெளியே. லெதர்மேனிலேயே விங்மேன் என்ற மாடல் 200 கிராமுக்குக் கொஞ்சம் கீழே, விலையும் குறைவு, குறடு வேண்டும் ஆனால் பெரிதாகச் செலவு செய்ய மனமில்லை என்பவர்கள் அங்கிருந்து பார்க்கலாம்.

வெறும் கத்தி போதும், கருவி எதுவும் வேண்டாம் என்பவருக்கு ஒப்பினெல் எட்டாம் நம்பர். பிரான்சின் சவுவா மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்ய ஆரம்பித்தது, பீச் மரப்பிடி, 8.5 சென்டிமீட்டர் பிளேடு. கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைச் சுற்றிவிட்டால் பிளேடு மடங்காது. 1955இல் சேர்த்த அந்த வளையத்தில் தகராறு செய்ய ஸ்பிரிங்கும் கிடையாது, தகடும் கிடையாது. வெட்டும் சுகத்துக்கு இந்த விலையில் இதற்கு மேல் ஒன்றை நான் கையில் எடுத்ததில்லை. மரப்பிடி என்பதால் தண்ணீரில் ஊறினால் உப்பிக்கொண்டு பிளேடு இறுகிவிடும், காய்ந்தால் சரியாகும். கார்பன் ஸ்டீல், துருப்பிடிக்காத ஸ்டீல் என்று இரண்டு வகை உண்டு, துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர் இரண்டாவதை எடுங்கள்.

ஸ்டீல் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த கத்திகளில் அதிகம் விளையாடுவது அங்கேதான். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால் அதில் தகவல் ஒன்றுமே இல்லை, அது ஓர் அளவுகோலின் பெயரே கிடையாது. 'ஸ்டெயின்லெஸ்' என்பதும் அப்படித்தான், ஸ்பூனும் ஸ்டெயின்லெஸ்தான். '440' என்று போட்டிருந்தால் 440 ஏயா, சியா என்று கேளுங்கள். சியில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஏயில் அதைவிட நன்றாகக் குறைவு, கூர் நிற்பதும் அதற்கேற்ப. நடுத்தர விலையில் 8Cr13MoV, 14C28N என்று ஸ்டீலின் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தால் தைரியமாக வாங்கலாம். டி2 என்ற ஸ்டீல் கூர் நன்றாகத் தாங்கும், ஆனால் முழுமையான ஸ்டெயின்லெஸ் இல்லை, வியர்வையில் கறை ஏறும். விக்டோரினாக்ஸின் ஸ்டீல், கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56ஐ ஒட்டியது, மென்மை வகை, சீக்கிரம் மழுங்கும் என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். மழுங்கத்தான் செய்கிறது. ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூராகிவிடுகிறதே, வைரக்கல் தேவைப்படுகிற கடின ஸ்டீலை மழுங்கிய நிலையிலேயே ஆறு மாதம் சுமப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் இவற்றைப் பாருங்கள். பிளேடைத் திறந்து நுனியைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள், கடகடவென்று ஆடினால் வேண்டாம். மூடினால் நுனி வெளியே துருத்தக் கூடாது. லாக் இருந்தால் பிளேடின் முதுகை மெதுவாக அழுத்திப் பாருங்கள், விரல்கள் மடிப்புப் பாதையில் இல்லாமல். லாக் இல்லாததில் திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று ஒரு தீர்மானமான சத்தம் வர வேண்டும், சவசவ என்று மூடுவது ஸ்பிரிங் பலவீனம். குறடு என்றால் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், நுனிகள் நேராகச் சந்திக்கின்றனவா என்று தெரிந்துவிடும். சிவப்புப் பிடியும் சிலுவைக் குறியும் மட்டும் போட்ட போலிகள் நிறைய, பெரிய பிளேடின் அடியில் கம்பெனி முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மடங்கும், லாக் ஆகாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டு விளிம்புள்ள கத்தியை வெளியே எடுத்துப்போகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, லாக் ஆகும் கத்திக்குத் தகுந்த காரணம் வேண்டும். நாட்டுக்கு நாடு இது மாறும். விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காமல் செக்-இன் செய்யும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

கூர் தீட்டச் சாணைக்கல் இல்லையே என்று நினைக்க வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும், அதுவே போதும். பிளேடை நட்டமாக நிறுத்தி, அதில் பாதி சாய்த்து, மறுபடி பாதி சாய்த்தால் ஏறக்குறைய இருபது டிகிரி. அந்தச் சாய்வை மாற்றாமல், வளையத்திலிருந்து ஒரு மெல்லிய சீவல் எடுக்கப்போவது போல, அடியிலிருந்து நுனி வரை இழுங்கள், ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து. எதிர்ப்பக்கத்தில் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலை மெல்ல நகர்த்தினால் ஒரு பிசிறு தட்டும், அது தட்டியதும் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி லேசாக நாலைந்து இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்துத் துடைத்தால் பிசிறு போய்விடும். கோப்பையில் கரிய கோடுகள் விழும், அது பிளேடிலிருந்து போன ஸ்டீல்தான், பயப்பட வேண்டாம்.

திறக்க இறுகினால் வெந்நீரில் விட்டு உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சையும் மண்ணையும் ஆட்டி வெளியேற்றி, நன்றாகக் காயவைத்து, மூட்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். சமையல் எண்ணெய் விடாதீர்கள், சில வாரத்தில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போதும், பழம் நறுக்குகிற கத்தி என்றால் உணவில் பட்டாலும் கெடுதியில்லாத மினரல் ஆயில்.