மைத்ரியா, பாரதியா?

கண்காட்சிக்கு அந்தாட்டிக்கா ஆய்வு நிலையம் ஒன்றின் மாதிரியைச் செய்து வைக்கலாம் என்றதும் ஹட்டன் பிள்ளைகள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஒரு கட்சிக்கு மைத்ரி, மற்றதற்கு பாரதி; இரண்டு நிலையங்களுமே இந்தியாவுடையவை.

மைத்ரி மூத்தது, 1989 முதல் இயங்குகிறது. கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே, பாறைமேட்டில், இரும்புக் கால்கள் மேல் நிற்கிறது. பக்கத்திலேயே ஏரி, தண்ணீருக்குக் குறையில்லை. ஆனால் சாமான்களைப் பனிக்கட்டி மேல் இழுத்து வரவேண்டும்.

2012இல் திறந்த பாரதி கடலோரத்தில், லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது. 134 கப்பல் கொள்கலன்களை அடுக்கி, வெளியே உறை போர்த்திய கட்டடம். துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அந்தப் பக்கம் அடிக்கடி கடப்பதால், தரவை அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

என் ஓட்டு பாரதிக்குத்தான். நெருப்புப்பெட்டிகளை அடுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.